திரும்புதலும் மாறுதலும்
ஆங்கிலத்தின் மாறுதற்சொற்கள் குறித்த ஓர் ஆய்வு

ஒரு மொழி நூலை மற்றொரு மொழியிற் பெயர்க்கப் புகுவார்க்கு அருஞ்சொற்கள் தரும் இடரினும் எளிய சொற்கள் தரும் இடரே பெரிது. அருஞ்சொல்லைக் கண்டவிடத்து நாம் நின்று அகராதியை நாடுகிறோம். எளிய சொல்லோ பொருள் தெரிந்ததுபோலத் தோன்றி நம்மைக் கடந்து போய்விடுகிறது. ஆங்கிலத்தில் மாறுதலைக் குறிக்கும் சொற்கள் இவ்வகையின. சேஞ்ச், ஆல்ட்டர், டர்ன், கன்வர்ட், டிரான்ஸ்பார்ம், பிகம் முதலிய சொற்களைப் பள்ளி மாணவரும் அறிவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை 'மாறு', 'மாற்று', 'மாற்றம்' என்னும் ஒரே குடும்பத்துச் சொற்களால் நாம் தமிழில் வழங்கி வருகிறோம். இவ்வழக்கம் மொழிபெயர்ப்பில் மட்டுமன்றித் திறனாய்விலும் இழப்பை விளைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இச்சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் மூன்று வினாக்களுக்குத் தனித்தனியே விடை வைத்திருக்கிறது. மாறும்போது மாறாமல் நிற்பது எது? மாறுதலைச் செய்பவர் யார்? அதனைச் சொல்பவர் எப்பக்கம் நின்று சொல்கிறார்? இம்மூன்றனுள் ஒன்று பிறழ்ந்தாலும் நூலின் வழக்கே பிறழ்ந்துவிடும். இதனை முதலில் சொல்லளவிலும், பின்னர் ஒரு நாடகத்தின் வழியாகவும் காட்டுவோம்.

1. வேர் தரும் செய்தி

'சேஞ்ச்' என்பது பழைய பிரெஞ்சு வழியாகப் பிற்கால இலத்தீனின் 'கம்பியாரே' என்னும் வினையினின்று வந்தது. அதன் பொருள் பண்டமாற்று. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொள்ளுதல். சில்லறைக் காசினை ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே வழங்குவது அம்மூலப் பொருளின் எச்சமாகும். 'ஆல்ட்டர்' என்பது 'இரண்டனுள் மற்றையது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. 'டர்ன்' கடைசற் பொறியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சுழற்றுதலே அதன் அடிப்பொருள். 'கன்வர்ட்' என்பது 'வெர்டெரே', அஃதாவது திருப்புதல், என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது. 'டிரான்ஸ்பார்ம்' வடிவத்தைக் கடத்துதல். 'மெட்டமார்போசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் இலத்தீன் நிழல் அது எனலாம்.

பழைய ஆங்கிலத்தில் ஆதற்பொருள் தந்த 'வெயர்த்தன்' என்னும் வினை இன்று வழக்கொழிந்தது. செருமானிய மொழியில் அதன் உறவான 'வெர்டன்' இன்றும் வாழ்கிறது. இவ்வினையும் இலத்தீனின் 'வெர்டெரே'யும் வடமொழியின் 'விருத்' என்னும் பகுதியும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள் என மொழிநூலார் கொள்வர். ஆகவே அம்மொழிக் குடும்பத்தின் ஒரு கிளையில் ஆதல் என்பதே திரும்புதலாக எண்ணப்பட்டது என்பது பெறப்படும். தமிழில் நாம் கடன்கொண்டு வழங்கும் 'பரிவர்த்தனை' அவ்வேரினதே. ஆனால் அது 'கொடுக்கல் வாங்கல்' என்னும் பொருளில் வந்து, திரும்புதலும் மாற்றுதலும் ஒன்றோடொன்று கலக்கும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். வேரே பொருளன்று. வேர் கொண்டு பொருளை முடிப்பார் 'சேஞ்ச்' எனக் கண்டவிடமெல்லாம் பண்டமாற்றைக் காண்பர், அது பிழை. வேர் தருவது ஐயம். வழக்கு தருவதே முடிவு. எனவே வழக்கினை நோக்குவோம்.

2. மாறாது நிற்பது எது?

ஆங்கிலேயன் ஒருவன் தன் மேற்சட்டையைச் 'சேஞ்ச்' செய்தான் எனின், அதனைக் களைந்து வேறொன்றை அணிந்தான் என்பது பொருள். 'ஆல்ட்டர்' செய்தான் எனின், அதே சட்டையைப் பிரித்துத் தைத்து அளவு திருத்தினான் என்பது பொருள். முன்னதில் பொருள் போய் இடம் நிற்கிறது. பின்னதில் பொருள் நின்று அதன் தன்மை சிறிது வேறுபடுகிறது. தமிழில் 'சட்டையை மாற்றினான்' என்பது முன்னதற்கே பொருந்தும். பின்னதற்கு நாம் 'திருத்தினான்' என்றோ 'பிடித்துத் தைத்தான்' என்றோ கூறுவோம். அன்றாடப் பேச்சில் நாம் போற்றும் இவ்வேறுபாட்டை ஏட்டில் எழுதும்போது கைவிடுவது வியப்பே.

'டிரான்ஸ்பார்ம்' என்பதில் வடிவம் போகிறது, அடிப்பொருள் நிற்கிறது. இதற்கு நேர்மாறான ஒரு சொல்லை மேலை இறையியல் படைத்தது. நற்கருணை அப்பம் பற்றிய கொள்கையைக் கூறுமிடத்து, 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் உட்பொருள் மாறுதலைக் குறிக்கும் ஒரு சொல்லை ஆண்டது. தோற்றமும் சுவையும் அப்படியே இருக்க, உட்பொருள் மட்டும் வேறாகிறது என்பது அக்கொள்கை. 1551-இல் திரெந்து சங்கம் அதனை விளக்கும்போது 'கன்வர்சியோ' என்னும் சொல்லையே பயன்படுத்தியது. ஒரு சொல்லில் வடிவம் மாறி உட்பொருள் நிற்க, மற்றதில் உட்பொருள் மாறி வடிவம் நிற்கிறது. இரண்டனையும் 'உருமாற்றம்' என்று பெயர்ப்பார் ஒரு பெரும் சமயப் பூசலின் இரு தரப்பையும் ஒன்றாக்கிவிடுவர்.

'கன்வர்ஷன்' என்னும் சொல்லின் பிற துறை வழக்குகளும் இதனை வலியுறுத்தும். அளவை நூலில் 'அ எதுவும் ஆ அன்று' என்பதை 'ஆ எதுவும் அ அன்று' எனத் திருப்புதல் கன்வர்ஷன் எனப்படும். சொற்கள் அவையே, இடம் மட்டும் மாறுகிறது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் பிறன் பொருளைத் தன் பொருள்போல ஆளுதல் கன்வர்ஷன் என்னும் தீங்காகும். பொருள் அதுவே, ஆள்வோன் மட்டும் வேறு. 1888-இல் கோஷன் என்னும் நிதியமைச்சர் பிரித்தானிய அரசின் கடனை 3 விழுக்காட்டு வட்டியிலிருந்து குறைந்த வட்டிக்குக் கொணர்ந்த செயலும் கன்வர்ஷன் எனவே வழங்கியது. கடன் அதுவே, நிபந்தனை மட்டும் வேறு. இலக்கண நூலார் பெயர்ச்சொல் ஒன்று உருவம் சிறிதும் மாறாமல் வினையாக வழங்குவதைக் கன்வர்ஷன் என்பர். உரு அதுவே, தொழில் மட்டும் வேறு. இந்நான்கனுள்ளும் ஊடுருவி நிற்கும் பொதுமை யாது? பொருள் நிற்க, அது நோக்கும் திசையோ அதன் உரிமையோ தொழிலோ திரும்புகிறது என்பதே. வேர் தந்த ஐயத்தை வழக்கு உறுதி செய்தது.

3. செய்பவர் யார்?

இரண்டாம் வினாவுக்கு விவிலிய மொழிபெயர்ப்பின் வரலாறு சிறந்த களமாகும். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நூலில் மூன்றாம் இயல் 19-ஆம் வசனத்தில் இரண்டு ஏவல்வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. கிரேக்க மூலத்தில் முன்னது உள்ளம் வேறாதலையும் பின்னது திரும்புதலையும் குறிக்கும். பின்னது செய்வினை வடிவினது. இலத்தீன் மொழிபெயர்ப்பு அதனைச் செயப்பாட்டு வடிவில் தந்தது; இலத்தீனில் அவ்வடிவம் தன்னைத் தானே திருப்பிக்கொள்ளுதலையும் குறிக்க வல்லது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் அவ்விடத்தில் 'கன்வர்ட்' என்னும் வினையைச் செயப்பாட்டு வடிவில் வைத்தது. ஆங்கிலச் செயப்பாட்டுக்கு இலத்தீனின் அந்நெகிழ்ச்சி இல்லை. எனவே 'நீங்கள் திரும்புங்கள்' என்பது 'நீங்கள் திருப்பப்படுங்கள்' என்றாயிற்று. 1881-இல் வந்த திருத்தப் பதிப்பு இதனை நீக்கி, 'டர்ன்' என்னும் எளிய சொல்லைச் செய்வினையாக வைத்தது. மத்தேயு 18-ஆம் இயல் 3-ஆம் வசனத்திலும் இவ்வாறே திருத்தம் நிகழ்ந்தது. இடைப்பட்ட 270 ஆண்டுகள் ஆங்கிலம் படித்தோர் தாம் செய்ய வேண்டிய செயலைத் தமக்குச் செய்யப்படும் செயலாகப் படித்தனர் என்பது சிறு செய்தி அன்று.

இணையான மற்றொரு வினையையும் நோக்கலாம். 'மெட்டமார்போசிஸ்' என்பதன் வினை வடிவம் புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது. 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, இயேசு மலைமேல் ஒளியுருக் கொண்ட நிகழ்ச்சியைக் கூறும் இரண்டிடத்தும் 'டிரான்ஸ்பிகர்' என்றும், உரோமையர்க்கு எழுதிய மடலில் 'டிரான்ஸ்பார்ம்' என்றும், கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் மடலில் 'சேஞ்ச்' என்றும் பெயர்த்தது. மூலத்தில் ஒன்றாயிருந்தது ஆங்கிலத்தில் மூன்றாகியது. தலைவனுக்குரிய மாறுதலும் அடியார்க்குரிய மாறுதலும் ஒரே சொல்லால் கட்டுண்டு கிடந்த நயம் ஆங்கில வாசகர்க்குப் புலப்படாது போயிற்று. பல சொற்களை ஒன்றாக்குவது போலவே ஒரு சொல்லைப் பலவாக்குவதும் இழப்பே என்பதற்கு இது சான்று.

சொற்றேர்வு எத்துணைப் பெரும் பூசலுக்கு இடனாகும் என்பதை டிண்டேலின் வரலாறு காட்டும். 1526-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் அவர், கிரேக்கத்தில் உள்ளம் வேறாதலைக் குறிக்கும் சொல்லுக்குத் திருச்சபையின் தவவொறுப்பைச் சுட்டும் பழஞ்சொல்லை விடுத்து, 'ரிப்பெண்ட்' என்னும் அகநிலைச் சொல்லை வைத்தார். சர் தாமஸ் மோர் 1529-இலும் 1532-இலும் வெளியிட்ட நூல்களில் டிண்டேலின் சொற்றேர்வுகளைக் கடுமையாகக் கண்டித்தார். குருவின் முன் செய்யும் சடங்கா, உள்ளத்துள் நிகழும் நிகழ்ச்சியா என்னும் வினா ஒரு சொல்லின்மேல் நின்றது.

4. சொல்பவர் நிற்குமிடம்

'கன்வர்ட்', 'ரிவர்ட்', 'பர்வர்ட்' ஆகிய மூன்றும் திருப்புதல் என்னும் ஒரே வினையின் மக்கள். ஒருவன் ஒரு சமயத்தை விட்டு மற்றொன்றைத் தழுவினால், அவன் சென்று சேர்ந்த பக்கத்தார் அவனைக் 'கன்வர்ட்' என்பர். அவன் விட்டுவந்த பக்கத்தார் 'பர்வர்ட்' என்பர். பிந்திய சொல் இன்று ஒழுக்கக் கேட்டையே குறிக்கும் எனினும், 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை சமயப் பூசல் எழுத்துகளில் இப்பொருளிலும் வழங்கியது. திரும்பியவன் ஒருவனே, திருப்பமும் ஒன்றே. முன்னொட்டு மட்டும் சொல்பவர் நிற்குமிடத்தை வெளிப்படுத்துகிறது.

காலத்தைப் பற்றியும் இத்தகைய வேறுபாடு உண்டு. ராஜட் 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் சொற்களை 1,000 தலைப்புகளில் வகுத்தது. அதில் மாறுதல் 140-ஆம் தலைப்பு, கன்வர்ஷன் 144, புரட்சி 146. பிற்பதிப்புகளில் கன்வர்ஷன் என்பது படிப்படியாக வேறொன்றாதல் எனவும், புரட்சி என்பது திடீரென வன்மையாக நிகழும் மாறுதல் எனவும் விளக்கப்பட்டன. ஆனால் சமய வழக்கில் அச்சொல் கேட்டவுடன் பலர் எண்ணுவது தமஸ்கு நகர்ச் சாலையில் பவுல் கண்ட திடீர் ஒளியையே. வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில் அது படிப்படியாகவும் நிகழலாம், திடீரெனவும் நிகழலாம் என இரண்டனையும் தழுவினார். நாக் என்னும் அறிஞர் 1933-இல் எழுதிய நூலில், பழைய வழிபாட்டை விடாமல் புதியதொன்றையும் சேர்த்துக்கொள்ளும் சேர்க்கையினின்று, பழையது பிழை என உணர்ந்து உயிர் முழுதும் திரும்பும் திருப்பத்தைப் பிரித்துக் காட்டினார். களஞ்சியம் சொற்களை அருகருகே அடுக்குகிறது. அறிஞரோ அவற்றினிடையே வேலி அமைக்கின்றனர். திறனாய்வாளன் செய்ய வேண்டியது பின்னையதே.

5. ஒரு நாடகத்தில் மூன்று வினாக்கள்

இனி ஷேக்ஸ்பியரின் 'வெனிசு வணிகன்' நாடகத்தை இம்மூன்று வினாக்களோடு அணுகுவோம். 1600-இல் முதலில் அச்சேறிய இந்நாடகத்தில் இருவர் சமயம் மாறுகின்றனர். ஷைலக்கின் மகள் ஜெசிக்கா விரும்பி மாறுகிறாள். ஷைலக் தீர்ப்பின் நிபந்தனையால் மாற வேண்டியவனாகிறான். எனவே 'கன்வர்ட்' என்னும் சொல் இவ்விருவரிடத்தும் மிகுதியாக வரும் என நாம் எதிர்பார்ப்போம். அச்சொல் வரும் இடங்கள் நம் எதிர்பார்ப்பைப் பொய்ப்பிக்கின்றன.

மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் பேழையைத் தேர்ந்து வென்ற பசானியோவிடம் போர்ஷியா தன்னை ஒப்புவிக்கிறாள். தானும் தன் உடைமையும் அவனுக்கு உரிமையாயின என்பதைக் கூறுமிடத்து அவள் ஆளும் சொல் 'கன்வர்ட்' என்பதாகும். மாளிகையும் ஏவலரும் அவளும் முன்னிருந்தவாறே இருக்க, உரிமை மட்டும் திரும்புகிறது. இது மேலே கண்ட சட்டப் பொருளின் இனிய நிழல்.

அடுத்து அதே அங்கம் ஐந்தாம் காட்சியில், யூதரைக் கிறித்தவராக்கினால் பன்றியிறைச்சியின் விலை ஏறிவிடும் என வேலையாள் லான்சலட் செய்த நகையை ஜெசிக்கா தன் கணவனிடம் எடுத்துரைக்கிறாள். அச்சொல் அங்கும் வருகிறது. சமயப் பொருளில் அது இந்நாடகத்தில் ஒலிப்பது இந்த நகைச்சுவையினிடையே, சந்தை விலையோடு சேர்ந்தே ஆகும்.

ஜெசிக்கா தன் செயலைப் பற்றித் தானே பேசும்போது சொல் வேறாகிறது. இரண்டாம் அங்கத்தில் வீட்டை விட்டு அகல எண்ணும்போது அவள் 'பிகம்' என்பாள். தான் ஆகப்போகும் நிலையை அது குறிக்கும். மூன்றாம் அங்கத்தில் தன் கணவனே தன்னைக் கிறித்தவளாக ஆக்கினான் என்று செய்பவனைச் சுட்டிக் கூறுவாள். தன்வினையாய்த் தொடங்கியது பிறவினையாய் முடிகிறது. தன் விருப்பத்தால் சென்றவள் தன் கணவனைத் தன் மீட்புக்குப் பொறுப்பாளனாக்கும் இந்நுட்பம் 'மதம் மாறினேன்' என்னும் ஒரே பெயர்ப்பில் மறைந்துவிடும்.

நான்காம் அங்கத்தின் தீர்ப்புக் காட்சியே நாம் கருதிய இடம். ஷைலக் கிறித்தவனாக வேண்டும் என்னும் நிபந்தனையை அந்தோனியோ விதிக்கிறான். அவன் ஆளும் வினை 'பிகம்'. திரும்புதலைக் குறிக்கும் சொல் அங்கு இல்லை. உள்ளம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உடனே வேறொன்று ஆகிவிட வேண்டும் என்பதே கோரிக்கை. முடிவு நிலை மட்டுமே வேண்டப்படுகிறது. வழி வேண்டப்படவில்லை. அந்நிபந்தனைக்கு அடுத்ததாகவே, அவன் இறக்கும்போது உள்ள உடைமையெல்லாம் மகளுக்கும் மருமகனுக்கும் சேர வேண்டும் என்னும் சொத்து நிபந்தனை வருகிறது. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் இரு விதிகளாக நிற்கின்றன.

இதனினும் நுண்ணியதொன்று உண்டு. ஷைலக் இசையாவிடில் தான் அளித்த மன்னிப்பை மீட்டுக்கொள்வதாகக் கோமகன் கூறுகிறான். அவன் ஆளும் சொல் 'ரிக்கேன்ட்' என்பது. தான் கொண்ட கொள்கையையோ சமயத்தையோ ஒருவன் மறுத்துக் கைவிடுதலைக் குறிக்கும் சொல் அது. சமயத்தைக் கைவிடுமாறு ஏவப்படுபவன் ஷைலக்; கைவிடுதற்குரிய சொல்லோ கோமகன் வாயில், மன்னிப்பைப் பற்றி வருகிறது. ஷைலக்கோ தன் வாயால் மாறுதற்சொல் எதனையும் கூறவில்லை. இசைவைத் தெரிவிக்கும் ஒரு சிறு தொடர், பின் உடல் நலமில்லை என விடை வேண்டல், அவ்வளவே.

இங்ஙனம் நாம் கூறுவதை ஒருவர் மறுக்கலாம். யாப்பின் பொருட்டோ வழக்குப் பற்றியோ புலவர் அச்சொல்லை எழுதியிருக்கலாம். 'கன்வர்ட்' என்பதன் அகப்பொருளை அவர் கருதினார் என்பதற்குச் சான்று யாது என அவர் வினவலாம். சான்று மற்றொரு நாடகத்தில் உள்ளது. 'உங்கள் விருப்பம்போல்' என்னும் நாடகத்தில் தம்பியைக் கொல்ல முயன்ற ஆலிவர் அத்தம்பியாலேயே காக்கப்பட்டுத் திருந்துகிறான். தன் பழைய தீமையைத் தன்னுடையதென ஒப்புகிறான். ஆயினும் தான் இன்று அவன் அல்லன் என்கிறான். அந்நிலையை அவன் 'கன்வர்ஷன்' என்று பெயரிட்டுப் போற்றுகிறான். அந்நாடகத்தின் இறுதியில் படையோடு வந்த பிரெடெரிக் கோமகன் ஒரு துறவியைக் கண்டு உரையாடித் திரும்பினான் என்னும் செய்தி வருகிறது. அவன் தன் முயற்சியினின்றும் உலகினின்றும் திரும்பினான் என அச்சொல்லே ஆளப்படுகிறது. ஆகவே உள்ளந் திரும்புதலைக் குறிக்க ஷேக்ஸ்பியர் அச்சொல்லை அறிந்தும் ஆண்டும் இருக்கிறார். அறிந்த சொல் ஓரிடத்தில் வாராமையும் பொருளுடையதே. புலவர் கருதினாரோ இல்லையோ, நாடகத்தின் சொல்லமைதி காட்டுவது இது: உடைமை பெயருமிடத்தும் நகைக்குமிடத்தும் 'திரும்பு' என்னும் சொல் வருகிறது, ஒரு மனிதனின் சமயம் பறிபோகும் இடத்தில் வரவில்லை. அங்கு நிகழ்ந்தது திரும்புதல் அன்று என்பதை நாடகத்தின் சொற்களே சொல்லிவிடுகின்றன.

6. தமிழில் உள்ள கருவிகள்

இவ்வேறுபாடுகளைத் தமிழில் உணர்த்த இயலாது என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தமிழ் இவ்வகையில் வளமுடையது. மாறு என்பதில் பண்டமாற்றின் பொருள் இன்றும் நிற்கிறது. 'சேஞ்ச்' என்பதற்கு அது நல்ல இணை. திரி என்பது சுழலுதலையும் தன்மை கெடுதலையும் ஒருங்கே குறிக்கும். பால் திரிந்தது என நாம் கூறுமிடத்து ஆங்கிலேயரும் 'டர்ன்' என்றே கூறுவது எண்ணத்தக்கது. திருந்து, திரும்பு, பெயர், ஆகு என்பன வேறு வேறு வழிகள். இயற்கைப் பொருளை உள்ளவாறே கூறலும் செயற்கைப் பொருளை ஆக்கச்சொல் கொடுத்துக் கூறலும் மரபெனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்தார். மாறிய பொருளைச் சொல்லும்போது மாறிற்று என்பதும் சொல்லில் தோன்றவேண்டும் என்னும் அவ்விதி, 'பிகம்' என்பதன் இடத்தை நமக்கு நன்கு காட்டும்.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர் இக்கருவிகளை வேறுபடக் கையாண்டனர். 19-ஆம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் வழங்கும் சீர்திருத்தச் சபையார் பதிப்பு 'மனந்திரும்பு' என்றது. நாம் மேலே கண்ட அப்போஸ்தலர் வசனத்தில் அதனோடு 'குணப்படு' என்பதையும் சேர்த்தது. 'படு' என்னும் துணைவினை செய்வினைக்கும் செயப்பாட்டுக்கும் இடைநின்று, ஆங்கிலத்தார் இடர்ப்பட்ட அவ்விடத்தைத் தமிழில் எளிதாகக் கடந்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறு' என்று கொண்டு, திரும்புதலை அடுத்த வினைக்கு வைத்தது. கிரேக்கத்தின் இரு வினைகளையும் பிரித்துக் காட்டும் வகையில் பின்னது நேரியது. பழைய சொல்லிலோ திசையும் மீட்சியும் உண்டு. இரண்டனுள் எது சிறந்தது என்பதினும், இரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்தலே முதன்மை.

'மதமாற்றம்' என்னும் நம் வழக்குச் சொல்லையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாறு என்னும் தன்வினைக்கும் மாற்று என்னும் பிறவினைக்கும் மாற்றம் என்பதே தொழிற்பெயராக வருகிறது. ஆகவே மாறினாரா, மாற்றப்பட்டாரா என்பதை அச்சொல் மறைத்து வைக்கிறது. வினையாக எழுதின் தமிழ் அதனை மறைக்க விடாது. பெயராக எழுதின் மறைத்துவிடும். எனவே மொழிபெயர்ப்பாளரும் திறனாய்வாளரும் இயன்ற இடமெல்லாம் பெயரை விடுத்து வினையை ஆளுதல் நலம்.

நிற்பது எது, செய்பவர் யார், சொல்பவர் எங்கு நிற்கிறார் என்னும் மூன்றனையும் வினவிய பின்னரே ஆங்கில மாறுதற்சொல் ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் தேடல் வேண்டும். போர்ஷியாவின் சொல்லுக்கு 'உரிமையாயிற்று' என்றும், ஆலிவரின் சொல்லுக்குத் 'திருந்தித் திரும்பினேன்' என்றும், ஷைலக்கின்மேல் விதிக்கப்பட்ட சொல்லுக்கு 'ஆகவேண்டும்' என்றும் எழுதும் மொழிபெயர்ப்பு நாடகத்தின் நீதியைக் காக்கும். மூன்றனையும் 'மாற்றம்' என்று எழுதும் மொழிபெயர்ப்பு, நீதிமன்றத்தில் வன்முறையால் நிகழ்ந்ததையும் காட்டில் அன்பால் நிகழ்ந்ததையும் ஒன்றாக்கிவிடும். மூலநூல் செய்யாத தவறு அது.